லோடு ஏற்றினால் என் மினி லாரி மிஸ்ஸிங் அடிக்கிறது. ஸ்பார்க் பிளக் மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகும், எனக்குச் சரியானது. ஆனால் பழைய பிளக்குகளை நிதானமாகப் பார்க்காமல் தூக்கிப் போட்டிருந்தால், கொஞ்ச நாளில் மறுபடியும் அதே தொல்லைதான் வந்திருக்கும்.

வண்டி டீசல் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. என்னுடையது பெட்ரோல், சிஎன்ஜி இரண்டிலும் ஓடும் நாலு சிலிண்டர் வண்டி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோவைக்குப் போவேன். காலி வண்டியில் ஒன்றும் தெரியாது. லோடோடு பாலம் ஏறினால் வெட்டி வெட்டி இழுக்கும். கேஸிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றினால் பாதி குறையும்.

இப்படிக் குறைந்தால் பிளக் பக்கம்தான் முதலில் சந்தேகம் வர வேண்டும். லோடில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. பிளக் முனையில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். சிஎன்ஜிக்கு இன்னும் அதிகம். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக் பெட்ரோலில் எப்படியோ சமாளிக்கும், கேஸில் கைவிட்டுவிடும்.

ஸ்கேனர் போட்டதில் பி0303 என்ற கோளாறு எண் வந்தது. கடைசி எண்தான் சிலிண்டர் எண். பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுப்பது காயில். மூன்றாவது காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதை மூன்றாவதிலும் மாற்றிப் போட்டு ஓட்டினேன். கோளாறு பி0302 ஆக மாறியிருந்தால் காயில் போய்விட்டது என்று அர்த்தம். மாறவில்லை.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை போய்விடும். கழற்றும் முன் குழிக்குள் ஏர் அடித்து மண்ணை வெளியேற்றுங்கள். நாலையும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படியே ஒரு துணியில் வைத்தேன். மூன்று பிளக்குகளின் முனை இளம்பழுப்பு, அது நல்ல நிறம். இடைவெளி மட்டும் 1.1 மில்லிமீட்டர் வரை அகன்றிருந்தது, கையேட்டில் 0.8. மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், மேலிருந்து இரும்பு விளிம்பு வரை பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு. கரண்ட் முனைக்குப் போகாமல் வெளிப்பக்கமாகவே இறங்கிய தடம் அது. (விளிம்பை ஒட்டிப் பழுப்பாக வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம், அது வெறும் கறை.)

ஏன் அந்த ஒன்றில் மட்டும்? குழிக்குள் டார்ச் அடித்தேன். அடியில் ஆயில் மினுமினுத்தது. டேப்பட் கவரில் பிளக் குழியைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல் விறைத்துப் போய், அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. ஆயிலில் ஊறிய காயில் ரப்பர் உப்பி மெத்தென்று ஆகியிருந்தது. பிளக்கை மட்டும் மாற்றியிருந்தால் புதிதும் அதே ஆயிலில்தான் நின்றிருக்கும். சீல், அந்தக் காயிலின் ரப்பர், நாலு பிளக் எல்லாம் சேர்த்து மாற்றினேன். அன்றைக்கே பாலத்தில் சீராக ஏறியது.

புதுப் பிளக்கைப் போடும்போது அதன் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூபை மாட்டி, விரலாலேயே திருகி இறக்குங்கள். மரை கோணினால் டியூப் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால், கையால் இறுகிய பிறகு ஸ்பானரில் அரைச் சுற்றுக்குச் சற்று மேல் போதும். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டு அளவுப்படி வையுங்கள். இரிடியம் பிளக் வாங்கினால் இடைவெளி அளக்கும் கேஜை முனையில் விட்டு நெம்பாதீர்கள், அந்த ஊசிமுனை உடைந்துவிடும்.

செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னுகிறதா? அப்படியென்றால் பிளக் மாற்றும் வரை லோடு ஏற்றாதீர்கள். எரியாத எரிபொருள் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கிவிடும். அந்தச் செலவில் பல செட் பிளக் வாங்கலாம்.