கயோட்டிப் போட்டிகள் – கடிதம், பதில்

வணக்கம்.

நான் வசிக்கும் அமெரிக்க மாநிலத்தில் வார இறுதிகளில் கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய ஒரு காட்டு நாயினம்) கொல்லும் போட்டி நடக்கிறது. அதிகம் சுட்டவருக்குப் பரிசு. தடை கேட்டு ஆளுநருக்கு ஒரே கடிதத்தை இருநூறு பேர் அனுப்பினோம். பதிலே இல்லை. எங்கே தவறினோம்?

சுதா

அன்புள்ள சுதா,

முதலில், கடிதம் போன இடம். கலிபோர்னியாவில் 2014 டிசம்பரில் இந்தப் போட்டிகளுக்குத் தடை விதித்தது அம்மாநில மீன், வேட்டை ஆணையம். நியூ மெக்சிகோவிலோ அப்போது கயோட்டி சட்டப் பாதுகாப்பில்லாத விலங்கு, ஆணையத்துக்கு அதன்மேல் அதிகாரமே இருக்கவில்லை. அதனால் 2019இல் சட்டமன்றம்தான் தடை கொண்டுவந்தது. உங்கள் மாநிலம் இதில் எந்த ரகம் என்று பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து, ஒரே வாசகம் இருநூறு தடவை வந்தால் அதை ஒரே கடிதமாகத்தான் படிப்பார்கள். சொந்த வார்த்தையில் எழுதிய பத்துக் கடிதம் போதும். அதில் ஒன்று ஆடு வளர்ப்பவருடையதாகவும் ஒன்று வேட்டைக்காரருடையதாகவும் இருக்கட்டும். "இது வேட்டையே இல்லை" என்று துப்பாக்கி பிடித்தவர் சொன்னால் முடிவெடுப்பவர்களிடம் எடுபடும். நாம் சொன்னால் பூனை வளர்ப்பவர் பேச்சு என்பார்கள்.

கோரிக்கை குறுகலாக இருக்கட்டும். "வேட்டையை நிறுத்து" என்றால் அங்கேயே தோற்றீர்கள். தடை வாசகத்தில் "பரிசு" என்று மட்டும் எழுதினாலும் சிக்கல்தான், அடுத்த மாதமே குலுக்கல் சீட்டு என்று பெயர் மாறி அதே போட்டி நடக்கும். பரிசு, பந்தயம், குலுக்கல் எல்லாவற்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பு, கயோட்டி தின்னும் ஆட்டுக்குட்டிகளைக் காட்டித்தான் வரும். அதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும். கயோட்டிக் கூட்டத்தில் வழக்கமாக ஒரு சோடிதான் குட்டி போடும். அதைச் சுட்டால் கூட்டம் சிதறும், இளம் பெண் கயோட்டிகளும் ஈனத் தொடங்கும், வெளியிலிருந்து புதியவை வந்து சேரும். இரைக்குப் போட்டி குறைவதால் குட்டிகளும் அதிகம் பிழைக்கும். குட்டிக்கு ஊட்ட வேண்டிய சோடிதான் ஆட்டுப் பக்கம் திரும்பும். போட்டியில் சாவதும் ஆடு தின்ற கயோட்டி அல்ல, அடிபட்ட முயலின் அலறலை ஒலிபரப்பும் கருவிக்கு முன்னால் வந்து நின்ற ஏதோ ஒன்று. காவல் நாய், இரவுப் பட்டி, செத்த ஆட்டை உடனே அப்புறப்படுத்துவது ஆகிய மூன்றும் இதைவிட உருப்படியானவை.

விலங்குகளைப் பிடிக்க வைக்கும் கால்பொறி, சுருக்குக் கம்பி விவகாரத்தை இதே மனுவில் கலக்காதீர்கள், அதற்கு வேறு விதிகள். நியூ மெக்சிகோவிலேயே பொதுநிலத்தில் பொறிகளைத் தடுக்கும் சட்டம் 2021இல் தனியாகத்தான் வந்தது. வழியில் பொறியைப் பார்த்தால் கை வைக்காதீர்கள். சட்டப்படி வைத்த பொறியைக் கலைப்பது பல மாநிலங்களில் குற்றம், வழக்கு உங்கள்மேல் திரும்பும். விலங்கு மாட்டியிருந்தால் இடம், நேரம் தெரியப் படமெடுத்து உடனே வனவிலங்கு காவலருக்குச் சொல்லுங்கள். பொறியை எத்தனை மணிக்கொரு முறை பார்க்க வேண்டும் என்ற விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு, ஐடஹோவில் 72 மணி. அதைத் தெரிந்துகொண்டால் புகாரில் பிடி கிடைக்கும்.

ஆணையக் கூட்டத்தில் பேச இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். எழுத்துக் கருத்துக்கான கெடு பெரும்பாலும் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும், நிகழ்ச்சி நிரல் வெளியான அன்றே பாருங்கள்.