சாதுப் பையன் ஏன் குடித்தான்?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் சின்னவன் பரம சாது. சொந்தக்காரர்கள் வந்தால் ரூமை விட்டு வெளியே வரமாட்டான். பிராக்டிகல் என்றாலே கை வியர்த்துவிடும். போன மாதம் நண்பனின் பிறந்தநாளுக்குப் போய் வந்தவன் மேல் பீர் வாடை. கேட்டால், "குடிச்சாதான் நாலு பேர்கிட்ட பேச வருதும்மா" என்கிறான். கணவர் அடித்துவிட்டார். சகவாசம் சரியில்லையா?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: சகோதரி, காரணத்தை உங்கள் மகனே சொல்லிவிட்டான். அந்தப் பேச்சை விட்டுவிடாதீர்கள்.

வாலுப் பிள்ளைதான் குடிக்கும் என்று நினைக்கிறோம். மான்ட்ரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பேட்ரீசியா கான்ராட், பதின்வயதினரைக் குடிப்பக்கம் தள்ளக்கூடிய நான்கு சுபாவங்களைச் சொல்கிறார்: திரில் தேடுவது, யோசிக்காமல் சட்டென்று செய்துவிடுவது, நம்பிக்கை இழந்து சோர்ந்திருப்பது, பதற்றத்தைக் கண்டே பயப்படுவது. திரில் தேடுகிற பிள்ளை ஜாலிக்குக் குடிக்கும். உங்கள் மகன் கடைசி ரகம் என்று தோன்றுகிறது. நெஞ்சு படபடத்ததுமே 'அசிங்கப்படப் போகிறேன்' என்று மனசு முடிவு கட்டிவிடும். பீர் அதைக் கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கும். போதை இறங்கும்போது பதற்றம் இன்னும் கூடலாம். மறுபடி குடிக்கத் தோன்றுவது அங்கேதான். அடி அந்தப் பயத்தோடு இன்னொரு பயத்தைச் சேர்க்கும், அவ்வளவுதான்.

லண்டன் பள்ளிகளில் கான்ராட் குழுவினர் பிள்ளைகளை சுபாவப்படி பிரித்து, 90 நிமிட வகுப்பு இரண்டே இரண்டு நடத்தினார்கள். தன் மனசு எப்படி ஓடுகிறது என்று கவனிக்கக் கற்றுக்கொடுத்ததில் குடி குறைந்தது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது: "நாலு பேர் முன்னால நின்னா உடம்புல என்னடா பண்ணுது?" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசாதீர்கள். அப்புறம் சின்னச் சின்னதாகப் பழக்குங்கள்: கடையில் அவனே கேட்டு வாங்கட்டும், மாமாவுக்கு அவனே போன் பண்ணட்டும். படபடப்பு தானாக அடங்குவதை அவன் ஒருமுறை உணர்ந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

குடிக்கக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். 21 வயது ஆகாதவர்களுக்கு டாஸ்மாக்கில் விற்கக் கூடாது. அப்படியானால் வாங்கிக் கொடுத்தது யார் என்று நிதானமாக விசாரியுங்கள்.

தனியாகக் குடிப்பதோ, வாரா வாரம் குடிப்பதோ தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் போக கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. உயிரை விடுவதுபோல ஏதாவது பேசினால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். கணவரும் கூட வரட்டும்.