60-லிருந்து வேகம் குறையும்போது ஹேண்டில் ஆடுவது ஏன்?

பைக்கில் ஆக்சிலேட்டரை விட்டதும் 60-லிருந்து 40 கி.மீ. வரை ஹேண்டில் ஆடுகிறது, வீல் பேலன்ஸ் பார்த்தும் போகவில்லை என்கிறீர்கள். வேகம் இறங்கும்போது மட்டும் வருகிற ஆட்டம் என்றால் என் சந்தேகம் முதலில் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங்) மேல்தான், அப்புறம் முன் டயர்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்கள்) அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். டக் டக்கென்று இடித்தால் கோன் செட் லூஸ். பிறகு ஹேண்டிலை ஒரே விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் சிக்கி நின்றால் ரேஸில் (கோன் செட்டின் குண்டுகள் உருளும் வளையம்) குழி விழுந்துவிட்டது. இதை டைட் செய்து அனுப்பிவிடும் மெக்கானிக்குகள் நிறைய, ஆனால் குழி விழுந்த ரேஸ் இறுக்கினால் சரியாகாது, அதிகம் இறுக்கினால் மெதுவாகப் போகும்போது வண்டி நேராக ஓடாமல் அலையும். மேல், கீழ் இரண்டையும் மாற்றி கிரீஸ் வைப்பதுதான் வழி.

அடுத்து முன் டயர். அதில் ரிம்மை ஒட்டிச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு இருக்கும். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி எங்கும் ஒரே அளவாக இல்லையென்றால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். டயரின் பட்டன்கள் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி வீல் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள்.

100-க்கு மேல் வண்டி முழுக்க நெளிந்தால் அது வேறு கதை. ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ், பின் டயர் காற்று, பின்னால் ஏற்றிய பெட்டி என்று தேட வேண்டும்.

சரி செய்யும்வரை, ஆட ஆரம்பித்தால் முன் பிரேக்கை அழுத்திவிடாதீர்கள். ஹேண்டிலை முறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு வேகத்தைத் தானாக இறங்க விடுங்கள்.