பெட்டியில் சார்ஜர் இல்லை: பழையது போதுமா, புதிது வாங்க வேண்டுமா?

கேள்வி: புது ஸ்மார்ட்போன் வாங்கினேன். பெட்டியில் போனும் ஒரு டைப்-சி கேபிளும் மட்டும்தான் இருக்கின்றன, சார்ஜர் இல்லை. பழைய போன்களோடு வந்த சார்ஜர்கள் மூன்றும் ஒரு லேப்டாப் சார்ஜரும் வீட்டில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் பேட்டரி கெடுமா? புதிதாக வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? சார்ஜர் தராமல் போன் விற்பது நியாயம்தானா?

பதில்: லேப்டாப் சார்ஜர் டைப்-சி முனை கொண்டதென்றால் முதலில் அதையே போட்டுப் பாருங்கள். பெரும்பாலான போன்களுக்கு அது போதும். பழைய சார்ஜர்கள் மூன்றும் உதவுமா என்பது அவற்றின் மேல் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் ஒரு வரியைப் பொறுத்தது. அந்த வரியைப் படிக்கத் தெரிந்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

பேட்டரி கெடும் என்ற பயம் வேண்டாம். 65 வாட் சார்ஜரைச் செருகியதும் 65 வாட்டும் போனுக்குள் பாய்ந்துவிடாது. டைப்-சி சார்ஜர் தொடக்கத்தில் 5 வோல்ட் மட்டுமே தரும். தன்னால் எந்தெந்த வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்ற பட்டியலைக் கேபிள் வழியாகப் போனுக்கு அனுப்பும். போன் தனக்கு வேண்டியதைக் கேட்ட பிறகுதான் வோல்ட் உயரும். போன் எதுவும் கேட்காவிட்டால் 5 வோல்ட்டிலேயே நிற்கும். பேட்டரிக்குள் எவ்வளவு மின்னோட்டம் போகலாம் என்பதையும் போனுக்குள் இருக்கும் சிப்தான் தீர்மானிக்கிறது. ஆகவே வாட் கூடுதலான நல்ல சார்ஜரால் ஆபத்தில்லை. வாட் குறைந்ததாலும் ஆபத்தில்லை, நேரம்தான் கூடும். பேட்டரியின் ஆயுளைத் தின்பது சூடு. மெத்தை மேல் வைத்து, தடித்த உறையோடு, விளையாடிக்கொண்டே சார்ஜ் போடுவதுதான் உண்மையான கேடு.

இனி அந்த வரி. சார்ஜரை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ‘அவுட்புட்’ என்று தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். அதற்கு மேலே இருக்கும் ‘இன்புட் 100–240 வோல்ட்’ சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் குறிப்பது. அதை விட்டுவிடலாம். அவுட்புட்டில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால் அது 5 வாட் சார்ஜர். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அவ்வளவுதான். 9 வோல்ட், 2.22 ஆம்பியர் என்று இன்னொரு வரி இருந்தால் 20 வாட். சில சார்ஜர்களில் ‘3.3–11 வோல்ட்’ என்று ஒரு வீச்சாகவே அச்சிட்டிருக்கும். அந்த வரியை ஞாபகத்தில் வையுங்கள், அது மிக முக்கியம்.

இந்த எண்கள் எவ்வளவு நேரமாக மாறும்? இன்று பரவலாக இருக்கும் 5000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி ஆற்றல் நிற்கும். சார்ஜரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியில் ஐந்தில் ஒரு பங்கு வரை சூடாக வீணாகலாம். அப்படியானால் 5 வாட் சார்ஜர் அதை நிரப்ப ஐந்து மணி நேரமாவது ஆகும். 10 வாட் என்றால் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இரவில் போட்டுக் காலையில் எடுப்பவருக்கு 10 வாட் தாராளம், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அவசரத்தில் அரை மணி நேரம் போட்டு ஓடுபவருக்குத்தான் வேகம் முக்கியம்.

வேகம் வேண்டும் என்றால் உங்கள் போன் எந்த முறையில் வேகமாக ஏறுகிறது என்று தெரிய வேண்டும். பெட்டியில் ‘33 வாட்’, ‘80 வாட்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் பார்த்து, அதே வாட்டில் கடையில் கிடைத்த ஏதோ ஒரு சார்ஜரை வாங்கிவருவதுதான் பலரும் செய்யும் தவறு.

முதல் வகை, யுஎஸ்பி பவர் டெலிவரி. சுருக்கமாக பி.டி. இது எந்த நிறுவனமும் பின்பற்றக்கூடிய பொதுத் தரம். ஐபோன்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஐபோன் 12 முதல் வந்தவற்றில் பெரும்பாலானவை 20 வாட் பி.டி. சார்ஜரிலேயே அரை மணி நேரத்தில் ஏறக்குறைய பாதி ஏறிவிடும். எந்த நல்ல நிறுவனத்தின் பி.டி. சார்ஜரும், உங்கள் லேப்டாப் சார்ஜர் உட்பட, இதற்குச் சரி.

இரண்டாவது, அதே பி.டி.யின் விரிவாக்கமான பி.பி.எஸ்., அதாவது போன் கேட்கக் கேட்க வோல்ட்டை நுணுக்கமாக மாற்றித் தரும் முறை. சாம்சங்கின் 25 வாட், 45 வாட் வேகங்களும் கூகுள் பிக்சலின் முழு வேகமும் இதில்தான் கிடைக்கும். சாதாரண பி.டி. சார்ஜர் 5, 9, 15, 20 என்று படிப்படியாகத்தான் வோல்ட் தரும். 9 வோல்ட்டை வாங்கும் போன் அதை நாலு வோல்ட் அளவில் இருக்கும் பேட்டரிக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். அந்தக் குறைக்கும் வேலையில்தான் போன் சூடாகிறது. பி.பி.எஸ். சார்ஜரிடம் போன், ‘இப்போது 8.26 கொடு, இப்போது 8.3 கொடு’ என்று 20 மில்லிவோல்ட் நுணுக்கத்தில் தொடர்ந்து கேட்டு வாங்கலாம். பேட்டரியின் வோல்ட்டுக்கு ஏறக்குறைய இரு மடங்காக வருவதைச் சரிபாதியாக்குவது போனுக்கு எளிய வேலை. சூடு போனில் தங்காமல் சார்ஜர் பக்கம் போய்விடுகிறது, அதனால்தான் அதிக வாட் தாங்குகிறது. சார்ஜரின் மேல் 3.3–11 வோல்ட் என்று வீச்சாக அச்சிட்டிருப்பது இதற்குத்தான். அந்த வரி இல்லாத 65 வாட் லேப்டாப் சார்ஜரை இத்தகைய சாம்சங் போனில் செருகினால் 15 வாட் அளவில்தான் ஏறும். சார்ஜர் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, பேசும் முறை ஒத்துப்போகவில்லை, அவ்வளவே.

மூன்றாவது, நிறுவனங்களின் சொந்த முறைகள். ஓப்போ, ஒன்பிளஸின் சூப்பர்வூக், விவோவின் ஃப்ளாஷ்சார்ஜ், ஷாவ்மியின் ஹைப்பர்சார்ஜ் போன்றவை. சூப்பர்வூக் 65 வாட் சார்ஜர் 10 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் தருகிறது. பொதுத் தர டைப்-சி கேபிளின் உச்சவரம்பே 5 ஆம்பியர்தான். அதனால் இதற்குச் சார்ஜர், கேபிள், போன் மூன்றும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். வேறு சார்ஜரைச் செருகினாலும் போன் ஏறும். ஆனால் எவ்வளவு குறைவான வேகத்தில் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். விவரக்குறிப்பில் ‘பி.டி. ஆதரவு எத்தனை வாட்’ என்று தேடிப் பாருங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. 2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்தபோது ஆப்பிள் சார்ஜரை நிறுத்தியது. சுற்றுச்சூழலையும், சிறிய பெட்டிகளை ஒரே சரக்குப் பலகையில் 70 சதவீதம் வரை கூடுதலாக அடுக்கி அனுப்பலாம் என்பதையும் காரணமாகச் சொன்னது. 2021 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்21-இல் அதையே செய்தது. காரணத்தில் உண்மை உண்டு. தூக்கியெறியப்படும், பயன்படாமல் கிடக்கும் சார்ஜர்களால் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் மின்கழிவு சேர்கிறது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்பீடு. ஆனால் செய்த விதம் சரியில்லை. ஐபோன் 12 பெட்டியில் வைத்த கேபிளின் சார்ஜர் முனை டைப்-சி. அதற்கு முந்தைய ஐபோன்கள் பலவற்றோடு வந்த 5 வாட் சார்ஜரில் இருந்ததோ பழைய, அகலமான செவ்வக டைப்-ஏ துளை. ‘உங்களிடம்தான் சார்ஜர் இருக்கிறதே’ என்று சொல்லிவிட்டு, அதில் நுழையாத கேபிளைக் கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் பிரேசில் நீதி அமைச்சகம் சார்ஜர் இல்லாத ஐபோன் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டு அபராதமும் விதித்தது. 2020 டிசம்பரில் சீனாவில் மி 11-ஐ வெளியிட்ட ஷாவ்மி, சார்ஜரோடு வேண்டுமா, இல்லாமல் வேண்டுமா என்று வாங்குபவரையே தேர்ந்தெடுக்க விட்டது, விலை ஒன்றுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. புதிய போன்களில் டைப்-சி துளை கட்டாயம். 15 வாட்டுக்கு மேல் ஏறும் போன் பி.டி.யையும் ஆதரிக்க வேண்டும். சார்ஜர் வைத்து விற்பவர், சார்ஜர் இல்லாமலும் அதே போனை வாங்கும் வாய்ப்பைத் தர வேண்டும். சார்ஜர் உள்ளே இருக்கிறதா என்பதைப் படக்குறியாகவும், குறைந்தது எத்தனை வாட் தேவை, முழு வேகத்துக்கு எத்தனை வாட் தேவை என்பதை எண்களாகவும் காட்ட வேண்டும். அந்த இரண்டு எண்கள் எல்லா நாட்டுப் பெட்டிகளிலும் வர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எல்லாப் போனோடும் சார்ஜர் கட்டாயம் என்று சட்டம் போடத் தேவையில்லை. பொதுத் தரத்தில் முழு வேகத்தில் ஏறும் போன் என்றால் சார்ஜரை விட்டுவிடலாம். ஆனால் அதன் விலையையும் விட்டுவிட வேண்டும், வேண்டும் என்று கேட்பவருக்குக் கொடுக்கவும் வேண்டும். ‘80 வாட்’ என்று விளம்பரம் செய்துவிட்டு, அந்த வேகம் தங்கள் சொந்தச் சார்ஜரில் மட்டும்தான் கிடைக்கும் என்றால், அந்தச் சார்ஜர் பெட்டிக்குள் இருந்தே ஆக வேண்டும். அதுவும் போனின் ஒரு பாகம்தான். அதைத் தனியாக விற்பது, விளம்பரப்படுத்திய பொருளைப் பாதியாகக் கொடுப்பது.

புதிதாக வாங்குவதானால், நிறுவனத்தின் சொந்த முறையில் ஏறும் போன் இல்லையென்றால், உங்கள் போனின் உச்ச வாட்டைவிடச் சற்றுக் கூடுதலான, பி.பி.எஸ். உள்ள பி.டி. சார்ஜர் ஒன்று போதும். 45 வாட் என்றால் பெரும்பாலான போன்களுக்கும் டேப்லெட்டுக்கும் ஆகும். லேப்டாப்பும் வேண்டுமென்றால் 65. காலியம் நைட்ரைடு (GaN) என்ற குறைகடத்தியில் செய்த வகை என்றால் அளவில் சிறிதாக இருக்கும், மற்றபடி போனுக்கு வித்தியாசமில்லை. இரண்டு மூன்று துளைகள் உள்ளதென்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: 65 வாட் என்பது மொத்தம். இரண்டாவது துளையில் எதையாவது செருகியதும் 45, 20 என்பதுபோலப் பிரிந்துவிடும். பிரியும் கணத்தில் முதல் போன் ஒரு நொடி சார்ஜ் நின்று மீண்டும் தொடங்கும், அது பழுதல்ல. எப்படிப் பிரியும் என்ற அட்டவணை சார்ஜரின் பெட்டியில் இருக்கும்.

கேபிள்தான் பலர் மறந்துவிடும் பாகம். டைப்-ஏ முனை உள்ள கேபிளில் பி.டி. வேலை செய்யாது. இரு முனையும் டைப்-சி உள்ள சாதாரண கேபிள் 3 ஆம்பியர் வரை கொண்டுபோகும், அதற்கு மேல் வேண்டுமானால் அடையாளச் சிப் பதித்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். சாம்சங்கின் 45 வாட் வேகம் கிடைக்கவில்லை என்று வரும் புகார்களில் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். டைப்-ஏயிலிருந்து டைப்-சிக்குப் போகும் மட்டமான கேபிள்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்தக் கேபிளுக்குள் 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும். அதற்குப் பதில் 10 கிலோ ஓம் வைத்துவிட்டால், எதிர்முனையில் 3 ஆம்பியர் தாங்கும் சார்ஜர் இருப்பதாகப் போன் நம்பி அவ்வளவையும் இழுக்கப் பார்க்கும். 1 ஆம்பியர் பழைய சார்ஜர் அதில் கொதித்துப்போகும்.

போலிச் சார்ஜரை வேகத்துக்காக அல்ல, உயிருக்காகத் தவிர்க்க வேண்டும். சுவர் மின்சாரம் ஓடும் பக்கத்துக்கும் உங்கள் கை தொடும் பக்கத்துக்கும் நடுவே சர்க்யூட் பலகையில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டாக வேண்டும். போலிகளில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாமல் போவதுண்டு. ஈரம் பட்டாலோ உள்ளே ஏதாவது உடைந்தாலோ சுவர் மின்சாரம் நேராகப் போனுக்கு வந்துவிடும். அவுட்புட் வரியில் எழுத்துப்பிழை, நாட்டின் பாதுகாப்பு முத்திரை இல்லாதது, கையில் எடுத்தால் வெற்றுக் கூடு போன்ற கனமின்மை ஆகியவை அடையாளங்கள். சார்ஜில் இருக்கும்போது மட்டும் தொடுதிரை தானாகத் துள்ளினால், சார்ஜரின் மின் இரைச்சல் வடிகட்டப்படாமல் வருகிறது என்று பொருள். உலோக விளிம்பில் லேசான கூச்சம் இரண்டு முள் சார்ஜர்களில் இயல்பாக வரலாம். சுரீரென்று அடித்தால் மறுபடி அந்தச் சார்ஜரைத் தொடாதீர்கள்.

வாங்கிய பிறகு சோதிக்க, பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே வந்து, போன் குளிர்ந்திருக்கும்போது திரையை அணைத்து அரை மணி நேரம் போடுங்கள். 5000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 10 சதவீதம் ஏறினால் 5 வாட் அளவில்தான் வருகிறது. 20 என்றால் 10 வாட், 30 என்றால் 15 வாட், 45-ஐ ஒட்டி ஏறினால் 25 வாட் கிடைக்கிறது. 80 சதவீதத்துக்கு மேல் எந்தச் சார்ஜரிலும் வேகம் குறையும், அங்கே அளக்காதீர்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அப்போதும் குறைந்தால் போனை அணைத்து, டைப்-சி துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சு அடியில் இறுகிக் கிடந்தால் முனை முழுதாக உள்ளே போகாது. மெல்லிய மரக்குச்சியால், நடுவில் இருக்கும் நாக்கின் மேல் அழுத்தம் படாமல், ஓரமாகச் சுரண்டி எடுங்கள். ஊசி, பின் போன்ற உலோகம் எதையும் நுழைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் வேகம் வரவில்லை என்றால்தான் சார்ஜரைச் சந்தேகிக்க வேண்டும்.