வாசகர் கேள்வி – பதில்: வானில் ஓடும் வெளிச்சங்கள்

கேள்வி: ஜூன் மாதத்தில் ஒரு மாலை, கோவிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது, தென்மேற்கே மிகப் பிரகாசமான ஒளி ஒன்று எழுந்து, ஓசையே இல்லாமல் தலைக்கு மேலே சென்றது. வடகிழக்கு அடிவானத்தை எட்டுவதற்குள், மேகமே இல்லாத வானில் அப்படியே மறைந்துவிட்டது. அது என்ன? ஏன் பாதி வழியில் மறைந்தது?
— ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: நீங்கள் சொல்லும் திசை, ஒளி, ஓசையின்மை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அது பெரும்பாலும் சர்வதேச விண்வெளி நிலையமாகத்தான் இருக்கும். விமானமாக இருந்தால் சிவப்பு, பச்சை விளக்குகளும் விட்டுவிட்டு மின்னும் வெள்ளை விளக்கும் கண்ணில் பட்டிருக்கும். சற்றுப் பிந்தியாவது இரைச்சல் கேட்டிருக்கும். நிலையத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் அது தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவோ வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவோதான் செல்லும். கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் ஒளியைக் கண்டால், அது வேறு ஏதோ ஒன்று என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

பாதி வழியில் மறைந்ததற்குக் காரணம் பூமியின் நிழல். நமக்குத் தெரிவது நிலையத்தின் விளக்குகள் அல்ல. அதன் சூரியத் தகடுகளிலும் உடற்பகுதியிலும் பட்டுத் திரும்பும் வெயில். ஜூன் மாதத்தில் டர்பனில் மாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னர் சூரியன் மறைகிறது. ஆறு மணிக்கு நமக்கு நல்ல இருட்டு. ஆனால் 400 கிலோமீட்டருக்கும் மேலே பறக்கிறவர்களுக்கு அப்போதும் பட்டப்பகல்தான். அந்நேரத்தில் பூமியின் நிழல் கிழக்கு வானில் தாழ்வாகக் கிடக்கிறது. இரவு ஏற ஏற அதுவும் மேலே ஏறி வருகிறது. நிலையமோ விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கிழக்கு நோக்கிப் போகிறது. ஆகவே தானாகவே அந்த நிழலுக்குள் புகுந்துவிடுகிறது. அடுத்த முறை கடைசிச் சில விநாடிகளைக் கூர்ந்து கவனியுங்கள். வெண்மையான ஒளி செம்மஞ்சளாக மாறிப் பிறகு அணைவது தெரியும், ஏனெனில் அந்தக் கணத்தில் நிலையத்தின் மேல் படும் வெயில், பூமியைச் சுற்றியுள்ள காற்றின் விளிம்பை ஊடுருவி வருகிறது. நீங்கள் சாலையில் நின்று பார்த்தது அங்கே உள்ளவர்களின் சூரிய அஸ்தமனத்தை. பூமியை ஏறத்தாழ 93 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றுவதால், அவர்களுக்கு அது நாளொன்றுக்குப் பதினைந்து பதினாறு முறை நேர்கிறது.

விடியற்காலையில் இதே காட்சி தலைகீழாக நடக்கும்: மேற்கே வெறும் வானில் திடீரென ஓர் ஒளி பிறந்து கிழக்கே ஓடும். நள்ளிரவில் நிலையம் நம் கூரைக்கு நேர் மேலே சென்றாலும், வெயில் படாததால் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: பைனாகுலர் வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் மனிதர்கள் தெரிவார்களா?
— பத்து வயது வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தெரியமாட்டார்கள், கண்ணம்மா. நிலையத்தின் நீளம் 109 மீட்டர். ஆயினும் பைனாகுலரில் அது கொஞ்சம் நீண்ட புள்ளியாகத்தான் தெரியும். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன்: டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குச் சாலை வழியே ஏறக்குறைய 570 கிலோமீட்டர். நிலையம் உன் தலைக்கு நேர் மேலே வரும்போது, அதில் இருப்பவர்கள் ஜோஹன்னஸ்பர்க்கை விட உனக்கு அருகில் இருக்கிறார்கள். 2000 நவம்பர் 2 முதல் அங்கே மனிதர் இல்லாத நாளே இல்லை.

கேள்வி: என் பாட்டனார் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1957-இல் ஸ்புட்னிக் வானில் போவதைத் தம் கண்ணால் கண்டதாகக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையாக இருக்க முடியுமா?
— ஒரு வாசகர், வெருலம்

பதில்: அவர் கண்டது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கண்டது ஸ்புட்னிக் உருண்டையை அல்ல என்பதே என் எண்ணம். 1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட அந்த உருண்டையின் குறுக்களவு 58 சென்டிமீட்டர்தான். நல்ல இருட்டிலும் அதை வெறுங்கண்ணால் பிடிப்பது மிக அரிது. அதோடு சேர்ந்து, அதைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் பெரிய நடுப்பகுதியும் பூமியைச் சுற்றிவந்தது. பல மீட்டர் நீளமுள்ள அந்த உலோக உடல், வெயிலில் ஒரு முதல்தர நட்சத்திரம்போல் ஒளிர்ந்தது. உலகெங்கும் மக்கள் வீட்டு வாசலில் நின்று "ஸ்புட்னிக்" என்று சுட்டிக்காட்டியது பெரும்பாலும் இதைத்தான். அதன் பாதை 65 டிகிரி சாய்ந்திருந்ததால் நம் நேட்டால் மாகாண வானமும் அதற்குள் அடங்கும். அந்த ராக்கெட் பகுதி 1957 டிசம்பர் தொடக்கத்திலும், உருண்டை 1958 ஜனவரி 4 அன்றும் காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்தன.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. முதியவர்களின் நினைவில் ஆண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது இயல்பு. 1960 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்கா 'எக்கோ 1' என்ற செயற்கைக்கோளை ஏவியது. சொல்லப்போனால் அது ஏறத்தாழ 30 மீட்டர் குறுக்களவுள்ள, உலோகம் பூசிய ஒரு பலூன். 1968 வரை அது வானில் இருந்தது. சுமார் 1,600 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியதால், நிழலுக்குள் எளிதில் சிக்காமல், இரவில் வெகுநேரம் கழித்தும் தெரிந்தது. மின்விளக்கு அதிகம் இல்லாத அக்காலத் தோட்டங்களில், அண்ணாந்து பார்க்கத் தெரிந்த எவரும் அதைத் தவறவிட்டிருக்க முடியாது. பாட்டனார் "பல வருஷம் பார்த்தேன்" என்று சொல்லியிருந்தால், அது எக்கோவாகத்தான் இருக்கும்.

கேள்வி: சரவிளக்கைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதுபோல், முப்பது நாற்பது ஒளிப்புள்ளிகள் ஒரே வரிசையில் சென்றன. என் மாமியார் பயந்து சாமி அறைக்குப் போய்விட்டார். இது எதற்கும் அறிகுறியா?
— ஒரு வாசகி, டொங்காட்

பதில்: அறிகுறி எதுவும் இல்லை அம்மா, மாமியாரைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். அவை இணையச் சேவைக்காக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்தில் முதல் அறுபது ஒரே ராக்கெட்டில் சென்றன. அதன் பிறகு ஏவுதல் ஓயவே இல்லை. ராக்கெட்டிலிருந்து விடுபட்ட முதல் சில நாட்கள் அவை தாழ்வாக, ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கிச் செல்லும். பிறகு தத்தம் இடத்துக்கு உயர்ந்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகி, மங்கிவிடும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சதர்லேண்டில் உள்ள தென்னாப்பிரிக்கப் பெருந்தொலைநோக்கி போன்ற கருவிகளைக் கொண்டு மங்கலான விண்மீன் கூட்டங்களை ஆராய்கிறவர்களுக்கு, படத்தின் குறுக்கே விழும் ஒவ்வொரு கோடும் தலைவலி. வானத்தை யார் எவ்வளவு நிரப்பலாம் என்பதை நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: சந்திரயான்-3 நிலவில் இருக்கிறதே, அதைத் தொலைநோக்கியால் பார்க்கலாமா?
— ஒரு வாசகர், லெனேசியா

பதில்: முடியாது. நிலவு சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பூமியிலுள்ள எந்தத் தொலைநோக்கிக்கும் அந்தச் சிறு கலம் எட்டாது. 2023 ஆகஸ்ட் 23 அன்று அது தரையிறங்கியதை, பிரிக்ஸ் மாநாட்டுக்காக உங்கள் ஜோஹன்னஸ்பர்க்குக்கு வந்திருந்த இந்தியப் பிரதமரும் திரையில்தான் பார்த்தார்.

கேள்வி: நிலையம் எப்போது வரும் என்று முன்கூட்டியே அறிவது எப்படி? லண்டனில் இருக்கும் என் தங்கை மகன், ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைத் தான் கண்டதே இல்லை என்கிறான். இங்கே அது தெரியுமா?
— ஒரு வாசகர், பீனிக்ஸ்

பதில்: நாசாவின் 'ஸ்பாட் த ஸ்டேஷன்' என்ற செயலி, 'ஹெவன்ஸ் அபோவ்' என்ற இணையதளம் ஆகிய இரண்டும் இலவசம், உங்கள் ஊரைக் குறிப்பிட்டால் நாள், நேரம், திசை, உயரம் எல்லாம் கிடைக்கும். உயரத்தை டிகிரியில் சொல்வார்கள். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டியாக நான்கு வைத்தால் 40 டிகிரி. அதற்குக் கீழே வருவதை விட்டுவிடுங்கள். வீடுகளும் மரங்களும் மறைத்துவிடும். நம் கடற்கரைப் பக்கத்தில் கோடைக்காலத்து மேகத்தைவிட ஜூன், ஜூலை மாதத்துத் தெளிந்த வானமே இதற்கு ஏற்றது, கரும்பு எரிக்கும் புகை மட்டும் குறுக்கே வராதிருந்தால்.

ஹபிள் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதன் பாதை 28.5 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. ஆகவே லண்டனில் அது அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. டர்பனில் நல்ல நாட்களில் உச்சிக்குச் சற்று வடக்கே செல்லும். நிலையத்தின் பிரகாசத்தை எதிர்பார்க்காதீர்கள். சுமாரான நட்சத்திரம் அளவுதான் இருக்கும். தெருவிளக்கு கண்ணில் படாத இடத்தில் கொஞ்ச நேரம் நின்று கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு, வடக்கு முகமாக நின்று, இடமிருந்து வலமாக ஓடுவதைத் தேடுங்கள்.