விவாகரத்து வழக்கு முடியும்வரை செலவுக்கு என்ன வழி?

கேள்வி: ஆறு வயது மகளோடு ஈரோட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கோவையில் பொறியாளராக வேலை பார்க்கும் கணவர், அங்குள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டிருக்கிறார். நான் பி.காம். படித்தவள். வீட்டில் பிளவுஸ் தைப்பதில் மாதம் நாலாயிரம், ஐந்தாயிரம் வருகிறது. “படித்தவளுக்கு ஜீவனாம்சம் கிடையாது, கடன் பிடித்தம் போக என் கையில் எதுவும் நிற்பதில்லை” என்கிறார். வழக்கு முடியும்வரை நான் எதுவும் கேட்க முடியாதா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். வழக்குப் போட்டது அவர் என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில், அதே வழக்கிலேயே இடைக்கால மனு போட்டு மாதாந்திரச் செலவும் வழக்குச் செலவும் கேளுங்கள். வாய்தாவுக்கு வாய்தா கோவை போய்வரும் செலவையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மகளின் படிப்புச் செலவுக்கு 26-வது பிரிவையும் குறிப்பிட்டு, பள்ளிக் கட்டண ரசீதுகளை இணையுங்கள்.

படிப்பைக் காட்டி மிரட்டுவது பழைய வழக்கம். மனைவி படித்தவர், வேலைக்குப் போகக்கூடியவர் என்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறந்த வீட்டின் வசதியும் கணக்கில் வராது. இப்போது கைக்கு வரும் வருமானம் பிழைக்கப் போதுமா என்பதுதான் கேள்வி. ஆனால், வழக்குக்காகவே நல்ல வேலையை விட்டவர்களிடம் நீதிமன்றங்கள் கறாராக நடந்துகொள்வதும் உண்டு.

இந்த மனுவின் உயிர்நாடி சொத்து, கடன், வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம். ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை இருதரப்புக்கும் கட்டாயமாக்கியது. உங்கள் தையல் வருமானத்தை ஒளிக்காமல் எழுதுங்கள். பிளவுஸுக்கு வாடிக்கையாளர்கள் ஜிபேயில் அனுப்பும் முந்நூறும் நானூறும் வங்கிக் கணக்கில் வரிசையாக நிற்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கோடிட்டுக் காட்டினால், நாலாயிரத்துக்காக உங்கள் மொத்தப் பேச்சும் நம்பிக்கை இழக்கும். நாலாயிரம் வருவதாக நீங்களே சொல்வதால் மனு தோற்காது.

அவருடைய சம்பளச் சீட்டில் கடைசித் தொகையை மட்டும் பார்க்க வேண்டாம். வருமான வரி, தொழில் வரி, கட்டாய பி.எஃப். போன்றவை கழிபடும். கார் தவணை, அவராக விரும்பிக் கூட்டிக்கொண்ட பி.எஃப்., வழக்கு வந்த பிறகு வாங்கிய கடன் எல்லாவற்றையும் நீதிமன்றம் அப்படியே கழித்துவிடாது. பிடித்தம் எப்போது தொடங்கியது என்று தேதியைப் பாருங்கள். பல சமயம் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்குச் சூத்திரம் இல்லை. நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் என்று ஊரில் சொல்வது, உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் நியாயமானது என்று சொன்ன அளவு. சட்டத்தில் அப்படி விகிதம் எதுவும் கிடையாது.

நோட்டீஸ் அவர் கைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் மனுவை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தாக்கள் இழுக்கும். ஆனால், 2020 தீர்ப்பின்படி மனு தாக்கல் செய்த தேதியிலிருந்தே தொகை கணக்காகும் என்பதால், சமாதானப் பேச்சு நடக்கிறதே என்று தாக்கலைத் தள்ளிப்போடாதீர்கள். கிரிமினல் நடைமுறைச் சட்டம் 125-க்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-வது பிரிவிலும் தனியாகக் கேட்கலாம். ஒன்றில் வாங்கும் தொகையை இன்னொன்றில் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீதிமன்றம் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தீர்மானிக்கும்.

உத்தரவு வந்தும் அவர் கட்டாவிட்டால் நிறைவேற்று மனு போட்டுச் சம்பளத்தை ஜப்தி செய்யலாம். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோவைக்கு அலைய முடியாவிட்டால், வழக்கை ஈரோட்டுக்கு மாற்றக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு செய்யவும் வழியிருக்கிறது.

24-வது பிரிவு உத்தரவு வழக்கோடு முடிந்துவிடும். அதற்குப் பிந்தைய நிரந்தர ஜீவனாம்சம் 25-வது பிரிவில் வருவது. அவருடைய விவாகரத்து மனுவுக்கு உங்கள் பதிலான எதிருரை தயாராகும்போதே அதையும் வக்கீலிடம் பேசி வையுங்கள்.