வேறு மதத்து நண்பர் பைபிள் வாசிக்க விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது, கூட உட்கார்ந்து எப்படி வாசிப்பது?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது: நண்பர் வேறு மதத்தைச் சேர்ந்தவர், பைபிளில் என்ன இருக்கிறது என்று வாசித்துப் பார்க்க விரும்புகிறார். முழு பைபிளை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதுமா, அல்லது கூட இருந்து வாசிக்க வேண்டுமா?

முழு பைபிளைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்துதானே தொடங்குவோம்? ஆதியாகமம் கதையாக ஓடிவிடும். யாத்திராகமத்திலும் செங்கடல், சீனாய் மலை வரை வந்துவிடுவார். 25ஆம் அதிகாரத்திலிருந்து ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் விவரங்கள், பலகை, திரை, கொளுக்கி அளவுகள் என்று நீளும். அதைத் தாண்டினால் லேவியராகமத்தின் பலி முறைகள். பலர் அங்கேதான் மூடி வைக்கிறார்கள். இயேசுவைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர், அவர் பெயர் வரும் பக்கத்தைப் பார்க்காமலே போய்விடுகிறார்.

பெரும்பாலானவர்களுக்கு மாற்கு நல்ல தொடக்கம். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் சின்னது, 16 அதிகாரம். நிதானமாகச் சத்தமாக வாசித்தாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மத்தேயு முதல் 17 வசனமும் வம்ச வரலாறு. யூதருக்கு அது பொருள் நிறைந்த வாசல், மற்றவர்களுக்கு வெறும் பெயர்ப் பட்டியல். யோவானின் நடை எளிதுதான், ஆனால் 'வார்த்தை', 'ஒளி', 'ஜீவன்' என்ற சொற்களுக்குள் ஏராளம் பொதிந்திருக்கிறது. அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் இஸ்லாமியர் என்றால் என் தேர்வு லூக்கா. மாற்கின் முதல் வசனத்திலேயே 'தேவனுடைய குமாரன்' வந்துவிடுகிறது. இறைவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை என்று குர்ஆனின் 112ஆம் அத்தியாயத்தைச் சிறு வயதிலிருந்தே ஓதி வந்தவருக்கு, அது உடல் சார்ந்த பிறப்பாகவே காதில் விழும். பேச்சு அங்கேயே நின்றுவிடும். லூக்கா தொடங்குவதோ சகரியா, யோவான், மரியாள், காபிரியேல் ஆகியோரோடு. ஜகரிய்யா, யஹ்யா, மர்யம், ஜிப்ரீல் என்று அவர் ஏற்கெனவே அறிந்தவர்கள்தான். 'குமாரன்' என்ற சொல் அங்கேயும் முதல் அதிகாரத்திலேயே வருகிறது, ஆனால் கன்னியிடம் பிறப்பது எப்படி என்ற விளக்கத்தோடு வருகிறது. இன்னொன்று: வேதத்தைத் தரையில் வைப்பதும், பேனாவால் கோடு போடுவதும் அவரைப் புண்படுத்தலாம். அன்றைய பகுதியை மட்டும் தனித்தாளில் அச்சடித்துக் கொண்டுபோங்கள். குறிப்பதை அதில் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து மொழிபெயர்ப்பு. இதை அநேகர் யோசிப்பதே இல்லை. சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வந்த மொழிபெயர்ப்பின் தமிழ். அதில் வளர்ந்தவர்களுக்கு அது தேன். புதியவருக்கு? மாற்கு 2இல் 'திமிர்வாதக்காரன்' என்று வருகிறது. இன்றைய காதுக்கு அது 'திமிர் பிடித்து வாதம் பண்ணுகிறவன்'. 'ஆயக்காரர்', 'மனுஷகுமாரன்', 'ஞானஸ்நானம்' எல்லாமே கதவைச் சாத்தும் சொற்கள். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் இவை முடக்குவாதமுற்றவர், வரிதண்டுவோர், மானிடமகன், திருமுழுக்கு என்று வரும். உங்களுக்கு மனப்பாடமான மொழிபெயர்ப்பைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். வாசிக்கப்போகிறவர் அவர்.

வாரத்துக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம், 10 முதல் 25 வசனம். நீங்கள் இருவர், கூடினால் மூவர். ஐந்து விசுவாசிகள் நடுவே ஒரு நண்பரை உட்காரவைத்தால் அது வாசிப்பாக இருக்காது, விசாரணையாகிவிடும். அச்சடித்த தாளில் எழுத்து பெரிதாக, ஓரம் அகலமாக இருக்கட்டும். விளக்கக் குறிப்பு வேண்டாம். ஒருமுறை அவர் வாசிக்கட்டும், ஒருமுறை நீங்கள். பிறகு இருவரும் பேசாமல் ஓரத்தில் மூன்று குறி போடுங்கள்: மனதில் பட்ட இடத்தில் விளக்கு, புரியாத இடத்தில் கேள்விக்குறி, வாழ்க்கையைத் தொடும் இடத்தில் அம்பு. பேச்சை அவருடைய கேள்விக்குறியிலிருந்து தொடங்குங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு ஒலிப்பதிவை இரண்டு தடவை போட்டுக் காட்டிவிட்டு, கேட்டதை அவர் வாயால் சொல்லச் சொன்னால் போதும்.

மாற்கு 2:1-12ஐ வைத்துச் சொல்கிறேன். நால்வர் முடங்கிக் கிடந்த ஒருவனைச் சுமந்து வருகிறார்கள், வாசலில் கூட்டம், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு கீழே இறக்குகிறார்கள். கேளுங்கள்: "இவர்கள் எதற்காக வந்தார்கள்?" குணமாக. "அவனுக்கு முதலில் கிடைத்தது என்ன?" நண்பர் தாளை மறுபடி பார்ப்பார். 5ஆம் வசனத்தில் கிடைப்பது பாவமன்னிப்பு. எழுந்து நடப்பது 12இல்தான். நடுவே 7ஆம் வசனத்தில், கடவுள் ஒருவரே அன்றிப் பாவங்களை மன்னிக்கக் கூடியவர் யார் என்று மறைநூல் அறிஞர்கள் மனதுக்குள் கேட்கிறார்கள். உங்கள் நாக்கு துறுதுறுக்கிற இடம் இது. "ஆகவே இயேசு கடவுள்" என்று முடித்துவிடாதீர்கள். "இவர்கள் கேட்பது நியாயமான கேள்வியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அரை நிமிட மௌனம் நீளமாகத் தெரியும், இருக்கட்டும். அந்தக் கேள்வியோடு அவர் வீட்டுக்குப் போனால், நீங்கள் சொல்லும் எந்த விளக்கத்தையும்விட அது ஆழமாக வேலை செய்யும்.

இதே பகுதியில் இந்து நண்பர் கேட்கக்கூடிய இன்னொரு கேள்வி: "அப்படியென்றால் இவன் முடங்கிக் கிடந்தது பாவத்தின் பலனா?" கர்மவினையோடு வளர்ந்தவருக்கு இது இயல்பு. சுற்றி வளைக்காமல் யோவான் 9:1-3ஐத் திறவுங்கள். பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டிச் சீடர்கள் இதையேதான் கேட்கிறார்கள். இவனும் அல்ல, இவன் பெற்றோரும் அல்ல என்கிறார் இயேசு. 'பாவம்' என்ற சொல்லே நம் தமிழில் சிக்கலானது. 'ஐயோ பாவம்' இரக்கம். 'பாவ புண்ணியம்' வரவு செலவுக் கணக்கு. கிரேக்க மூலச் சொல்லுக்குக் குறி தவறுதல் என்றொரு பொருள் உண்டு, விளக்கும்போது உதவும். யோவான் 3இன் 'மறுபடியும் பிறப்பது' மறுபிறவியாகப் புரிந்துகொள்ளப்படுவதும் சாதாரணம். அவரைத் திருத்த அவசரப்படாமல் அடுத்த வசனத்துக்குப் போங்கள்; தாயின் வயிற்றில் மறுபடி நுழைய முடியுமா என்று நிக்கொதேமுவும் தவறாகவே புரிந்துகொண்டு கேட்கிறார்.

சங்கடமான இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள். மாற்கு 5ஆம் அதிகாரத்தில் ஏறக்குறைய 2000 பன்றிகள் கடலில் விழுகின்றன: அதன் சொந்தக்காரர் என்ன ஆனார்? 11இல் அத்திமரம் சபிக்கப்படுகிறது, அதுவும் பழக்காலமே இல்லாதபோது. எல்லாவற்றிலும் கடினம் 7:27. மகளுக்காகக் கெஞ்சும் யூதரல்லாத பெண்ணிடம், பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்கிறார் இயேசு. கேட்கிறவரும் யூதரல்லாதவர், சுருக்கென்று தைக்கும். அவருக்கு வலித்தால் வலிக்கிறது என்றே சொல்லட்டும். அந்தப் பெண் விடாமல் பதில் சொல்வதையும், அந்தப் பதிலுக்காகவே இயேசு மகளைக் குணமாக்குவதையும் சேர்த்து வாசியுங்கள். தெரியாததற்கு "தெரியவில்லை, அடுத்த வாரம் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லி, உண்மையாகவே பார்த்துவிட்டு வாருங்கள். கடைசியில் மாற்கு 16:9-20, அந்தச் சுவிசேஷம் முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய இரண்டு கையெழுத்துப் பிரதிகளான சீனாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை. அவர் இணையத்தில் படித்துவிட்டுக் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுவது நேர்மை.

கெடுப்பது பெரும்பாலும் நம் அவசரம்தான். ஒரு வசனத்திலிருந்து ரோமருக்கும் அங்கிருந்து ஏசாயாவுக்கும் தாவினால், நமக்கு வசதியானதைப் பொறுக்குகிறோம் என்றே அவருக்குத் தோன்றும். 'இரட்சிக்கப்பட்டீர்களா', 'பாரப்படுத்தினார்' போன்ற சபைப் பேச்சை வாசலிலேயே விட்டுவிடுங்கள். மதத்துக்குள் கொண்டுவந்த ஆள் என்ற பொருளில் 'ஆத்தும ஆதாயம்' என்று அவரைப் பற்றி வேறொருவரிடம் சொல்லாதீர்கள். அது அவர் காதுக்குப் போனால் இத்தனை நாள் நட்பும் கணக்காகத் தெரியும். அவர் தெய்வங்களைப் பழிக்காதீர்கள். 1 பேதுரு 3:15 சொல்வது, கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல் என்றுதான். பண உதவி, வேலை, மருத்துவம் எதையும் வாசிப்போடு முடிச்சுப் போடவே கூடாது. சிறுவர்களோடு என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் வேண்டாம். ஜெபிக்கும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள்; வேண்டாம் என்றால் வீட்டுக்கு வந்து ஜெபியுங்கள்.

அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி தேரில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு தேரோடு ஓடி, வாசிப்பது புரிகிறதா என்று மட்டும் கேட்கிறார். ஏறி உட்காரச் சொன்னது மந்திரி. பிலிப்பு பேசத் தொடங்கியதும் அவர் கையிலிருந்த அதே பகுதியிலிருந்து. ஞானஸ்நானத்தைப் பற்றி முதலில் கேட்டதும் மந்திரிதான்.

மாற்கு முடிந்ததும் நண்பர் "போதும்" என்றால் சரி என்று சொல்லிவிட்டு, முன்போலவே பழகுங்கள். "அடுத்து என்ன?" என்றால் யோவான். வாசித்தபடி நடக்க வேண்டும் என்று அவரே சொன்னால், அந்த முடிவை அவசரப்படுத்தாமல், வீட்டில் யாரிடம் எப்போது எப்படிச் சொல்வது என்பதையும் அவரோடு உட்கார்ந்து யோசியுங்கள்.